பொன்னேரி என்றால் முப்பத்து நாலு

போன மாதம் ஜி.என்.டி. ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் மூன்று மாடி ஜவுளிக்கடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளாடைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு, வாடிக்கையாளரிடம் எப்படிப் பழக வேண்டும் என்று பத்து நிமிடம் சொல்ல வேண்டுமாம். போனேன். எட்டுப் பெண்கள் கழுத்தில் மாலை மாதிரி டேப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். போட்டுப் பார்க்க மூன்று அறைகள், அறைக்குள் கண்ணாடி, சுவரில் அளவுப் பட்டியல். ஒரு பெண் கேட்டாள், "அக்கா, அந்தக் காலத்துல டேப்பு இல்லாம எப்டி வித்தீங்க?"

"சத்தம் போட்டு வித்தோம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விளக்கிச் சொல்வதற்குள் மேனேஜர் டீ வந்துவிட்டது என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரே ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். பெயர் ரெஜினா. கணவர் சிப்காட்டில் வெல்டர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், பகலில் சும்மா இருப்பானேன் என்று கடையில் சேர்ந்தேன். மூன்று மாதம் புடவை மடித்தேன். இரண்டு மாதம் பாவாடைக்கு நாடா கோத்தேன். ஆறாவது மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரெஜினாம்மா, நாளையிலருந்து அந்த ஐட்டத்துக்கு நீதான்" என்றார். பயிற்சி அவ்வளவுதான்.

முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், குடியிருப்பது பொன்னேரியில், தினமும் யூனிட் ரயிலில் வந்து போவார். அவரைப் போல மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. கடைக்கு வருகிற சின்னப் பெண்ணைக்கூட அம்மா என்பார். உள்ளாடை வாங்க வந்தவர்களோடு பேச வேண்டி வந்தால், மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசுவார். பாடி, பிரா என்ற இரண்டு வார்த்தையும் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அந்த ஐட்டம், இல்லையென்றால் உள்சரக்கு. அதை விற்றுத்தான் கடையின் பாதி வியாபாரம் என்பது வேறு விஷயம்.

சரக்கு மாடியில் இருக்கும். கீழே கவுண்டரிலிருந்து அளவைக் கத்திச் சொன்னால், மேலே இருப்பவர் பெட்டியை எடுத்துப் படிக்கட்டு வழியாகப் போடுவார். இதுதான் கடையின் முறை. ஆனால் "முப்பத்தாறு ஒண்ணு!" என்று ஆண்கள் நிற்கிற கடையில் கத்தினால், வாங்க வந்த பெண் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போய்விடுவாள். இதற்குப் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். ரயிலில் வரும்போது தோன்றியதாம். அளவுக்குப் பதிலாக ஸ்டேஷன் பெயர்.

முப்பது என்றால் மீஞ்சூர். முப்பத்திரண்டு அனுப்பம்பட்டு. முப்பத்து நாலு பொன்னேரி. முப்பத்தாறு கவரைப்பேட்டை. முப்பத்தெட்டு கும்மிடிப்பூண்டி, அதாவது நம்ம ஊர். நாற்பது எளாவூர். அதற்கு மேல் எல்லாமே ஆரம்பாக்கம். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரா, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு எங்கள் கடையில் சரக்கு கிடையாது.

பெண்களின் மானத்தைக் காப்பாற்ற வந்த இந்த ரகசியம் ஆறு மாதத்தில் ஊரறிந்த ரகசியமாகிவிட்டது. மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம், "போன பொங்கலுக்குப் பொன்னேரி, இப்ப நம்ம ஊருக்கே வந்துட்டேண்டி" என்று சொல்வதை என் காதால் கேட்டேன். தன் அளவு என்ன எண் என்றே தெரியாத பெண்கள் இருந்தார்கள். ஸ்டேஷன் எல்லோருக்கும் தெரியும். பாய்க்கு மட்டும் அது ரகசியமாகவே இருந்தது. அவர் மனம் கோணக்கூடாது என்று ஊரும் அப்படியே விட்டுவிட்டது.

அளவு பார்ப்பது கடையின் சீனியர் தயாளன் அண்ணன் வேலை. டேப்பே தொடமாட்டார். ஒரு பார்வை, அதுவும் பக்கவாட்டில், ரயில் சிக்னலைப் பார்க்கிற மாதிரி. பிறகு மாடிக்கு ஒரு சத்தம். "கவரப்பேட்டை ரெண்டு!" நான் சேர்ந்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. பெண்கள் என்னிடம் காதில் சொல்வார்கள், நான் அவரிடம் சொல்வேன், அவர் நம்பமாட்டார். "அந்தம்மாக்கு இன்னா தெரியும்? நான் சொல்றத குடு" என்பார்.

இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தன் கண்ணளவு தப்பியதில்லை என்று அவர் பெருமையாகச் சொல்வார். அது உண்மைதான். ஒரு பெண்கூட வந்து அளவு சரியில்லை என்று சொன்னதில்லை. கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு தொங்கியது: உள்ளாடைகள் திரும்பப் பெறப்பட மாட்டாது, மாற்றித் தரப்பட மாட்டாது. தப்பு என்று சொல்ல வழியில்லாத இடத்தில் தப்பு எப்படி நடக்கும்?

அளவு சொல்லத் தெரியாதவர்கள் ஜாக்கெட் அளவைச் சொல்வார்கள். அது முப்பத்தாறு என்றால் இதுவும் முப்பத்தாறு. ஜாக்கெட்டுக்குத் தையல்காரர் எல்லாவற்றையும் சேர்த்து வெளிப்பக்கம் அளந்திருப்பார், இதற்கு மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றித் தனியாக அளக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்கும் தெரியாது. சிலர் பழைய பாடியை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, அதை ஒரு மஞ்சள் பையில் வைத்து, அதன் மேல் கத்திரிக்காயைப் போட்டுக் கொண்டுவருவார்கள். அதில் எண் இருந்த பட்டி எப்போதோ அழிந்துபோயிருக்கும். எலாஸ்டிக் தளர்ந்து அகன்று, எந்த ஊரென்றே தெரியாது. சிலர் கணவனை அனுப்புவார்கள். அந்த ஆள் என்ன அளவு என்று கேட்டதும் வியர்த்துப் போவான். கடைசியில் கவுண்டரைச் சுற்றிப் பார்த்து, என்னைக் காட்டி, "உங்கள மாதிரிதான் இருப்பா" என்பான். இதற்கும் கடையில் முறை உண்டு. நான் உடனே மாடிக்குப் போய்விட வேண்டும், தயாளன் அண்ணன் அவனிடம் கவரைப்பேட்டையைக் கொடுத்துவிடுவார். நடுவில் இருக்கிற ஸ்டேஷன், பெரிதாக மோசம் போகாது என்பது அவர் கணக்கு.

நான் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்த சமயத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள், உள்ளாடை அளவெடுப்பது எப்படி என்று சென்னையில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். கடைக்கு ஓர் ஆள் வரலாம். பாய் சீனியரைத்தான் அனுப்பினார். தயாளன் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு போய்விட்டு வந்தார்.

"எப்டிண்ணே இருந்துச்சு?" என்றேன்.

"பெரிய ஹாலு. ஏசி. அம்பது பேரு வந்திருந்தோம்."

"பொம்பளைங்க எத்தினி பேரு?"

"பொம்பளைங்க எதுக்கு? எல்லாம் சேல்ஸ்மேன்தான். ஒரு பிளாஸ்டிக் பொம்ம வெச்சிருந்தாங்க, அதுக்கு அளந்து காட்னாங்க. பிரியாணி நல்லா இருந்துச்சு. ஐஸ்கிரீமு கூட."

அவருக்கு அங்கே ஒரு டிபன் பாக்ஸும் அட்டையில் அடித்த அளவுப் பட்டியலும் கொடுத்திருந்தார்கள். டிபன் பாக்ஸ் வீட்டுக்குப் போனது. பட்டியல் மாடியில் ஆடிக்கொண்டிருந்த ரேக்கின் காலுக்கு அடியில் போனது. நாலு மாதம் கழித்து, பெருக்கும்போது அதை நான் உருவி எடுத்தேன்.

தமிழிலும் போட்டிருந்தார்கள். மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஓர் அளவு, அதோடு ஐந்து கூட்டினால் பட்டையின் எண். மார்பின் மேல் ஓர் அளவு. அதற்கும் பட்டை எண்ணுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நாலு டி. அதுதான் கிண்ணத்தின் அளவு. எண் ஒன்றானாலும் எழுத்து வேறாக இருக்கலாம். எங்கள் மாடியில் இருந்த அத்தனை பெட்டிகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் பி. மீஞ்சூரும் பி, எளாவூரும் பி. பாயின் ரயில் பாதையில் எண் மட்டும்தான் ஓடியது, எழுத்து எங்குமே நிற்கவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு என்னையே அளந்தேன். பதினோரு வருடமாக நான் பொன்னேரி. பட்டியல்படி நான் முப்பத்திரண்டு சி. பதினோரு வருடமாக அந்தப் பொருளை விற்கிறவளுக்கே இந்தக் கதி. தெரிந்துகொண்டு என்ன செய்தேன்? மறுநாளும் பொன்னேரியையே போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். எங்கள் கடையில் வேறு இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. சிப்காட்டில் பெண்களை நிறைய எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலை ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் நீலக் கோட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அப்படி ஒருத்திதான் தனம். பெத்திக்குப்பத்துக்காரி, இருபத்தைந்து இருபத்தாறு வயது, ஒரு பெண் குழந்தை. பேக்கிங் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தாள். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். தயாளன் அண்ணனும் மாடியில் இருப்பவரும் சாப்பாட்டுக்கு. கடையில் நான் மட்டும். "அக்கா, எளாவூர் ஒண்ணு" என்றாள். மாடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். இடது கையால் வாங்கினாள். பணத்தையும் இடது கையால் தேடினாள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் இடது கையை நீட்டமாட்டார்கள்.

"சோத்துக் கைக்கு இன்னாம்மா?"

"தூக்க வர்லக்கா. தோள்லருந்து வெரல் வரிக்கும் மரத்துப் பூடுது."

பெரிய ஆஸ்பத்திரியில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்களாம். தனியார் டாக்டர் எலும்புத் தேய்மானம் என்றாராம். மாமியார் அதெல்லாம் வேலைக் கள்ளம் என்றாளாம். ஆளுக்கொரு காரணம். கடைசியாக எண்ணெய்க் கட்டு போடுகிற வைத்தியரிடம் வாரம் ஒருமுறை மாமியாரே அழைத்துக்கொண்டு போகிறாள்.

"மூணு வாரத்துல கம்பெனி டாக்டரு மறுபடி வராருக்கா. பர்மனெண்ட் பண்ண எங்க லைன்ல நாலு பேர எடுக்கறாங்க. பெட்டிய தலைக்கு மேல தூக்கி ரேக்குல வெச்சுக் காட்டணும். என்னால சீப்பே தூக்க முடியல. பாப்பாவுக்கு என் ஊட்டுக்காரர்தான் தல வாருறாரு." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "இத்த வுட்டா வேற இல்லக்கா. அவருக்கு வேல நின்னு அஞ்சு மாசம் ஆவுது."

அவள் திரும்பி நின்றபோது பார்த்தேன். கோட்டுக்குள்ளே முதுகுப் பட்டை கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை ஏறிக்கிடந்தது. நான் டாக்டர் இல்லை, ஆனால் ரேக்குக் காலடியில் கிடந்த பட்டியல் எனக்கு மனப்பாடம். கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, துணி அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு, அவளை மாடிக்குக் கூட்டிப்போனேன்.

பாவாடைப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்க வைத்து ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னேன். இரண்டு தோளிலும் பட்டை போன இடம் கன்றி, வலது பக்கம் புண்ணாகவே இருந்தது. கீழே அளந்தால் முப்பத்தொன்று. மேலே நாற்பது. பட்டியல்படி முப்பத்தாறு டி. அந்த மெல்லிய உடம்பில் நாற்பதைப் போட்டால் கீழ்ப்பட்டை தொளதொளவென்று மேலே ஏறும், ஒன்றையும் தாங்காது. தாங்க வேண்டிய பாரம் முழுக்க தோள்மேல் போகிற, விரல் அகலம்கூட இல்லாத இரண்டு பட்டையில் தொங்கும். அது ஓயாமல் அறுத்துக்கொண்டே இருக்கும். கிண்ணம் கொள்ளவில்லை என்று தயாளன் அண்ணன் வருடாவருடம் அவளை அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பிக்கொண்டே வந்திருக்கிறார்.

சொன்னேன். அவள் நம்பவில்லை. "இம்மாந்துண்டு துணியாக்கா கைய மரத்துப்போவ வைக்கும்?"

"எனக்குத் தெரியாதும்மா. மாத்திப் பாத்தாத்தான் தெரியும்."

பாயிடம் கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார். "கேக்கறவங்க இல்லாத சரக்க வாங்கி இன்னாம்மா பண்றது? டஜன் கணக்குலதான் கம்பெனி ரெப்பு குடுப்பான்."

"இருக்குன்னே தெரியாதவங்க எப்டி பாய் கேப்பாங்க?"

அவர் பேச்சை மாற்றினார். நான் டேப் எடுத்ததை எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார். "டேப்பு துணிக்குத்தாம்மா, ஆளுக்கு வேணாம். எவனாவது ஊட்டுக்காரன் வந்து கடை முன்னாடி நின்னு, என் பொண்டாட்டிய அவுத்து அளந்தியான்னு கேட்டா, நான் இன்னா சொல்றது?" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. கடையில் நிற்கிற ஆண்கள் எல்லோரும் பார்த்திருக்க, ஒரு பெண்ணை ஓர் ஆண் கண்ணாலேயே அளப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்பதைத்தான் நான் கேட்காமல் விட்டேன். சம்பளம் வாங்குகிறவள் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் தனமும் ரயிலேறினோம். முதலில் புரசைவாக்கத்தில் ஒரு பெரிய கடை. விற்கிற பெண் தனத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாப்பது எடுத்துக்கங்க, ஃப்ரீயா இருக்கும்."

"ஃப்ரீயா இருக்கறதுதாம்மா சிக்கலே. முப்பத்தாறு டி குடு."

"டியா? இன்னாக்கா அது? எங்ககிட்ட தொண்ணூறு இருக்கு, நூறு இருக்கு."

அது சென்டிமீட்டரில் சொல்கிற எண் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் உடனே புரியவில்லை. நான் ஒரு நொடி ஆந்திராவையும் தாண்டிப் போய்விட்டேனோ என்று நினைத்தேன். இரண்டாவது கடையில் முப்பத்தாறு டி என்பதெல்லாம் வெளிநாட்டுக்காரிகளுக்குத்தான் என்றார்கள். மூன்றாவது கடையில் இருந்தது. சிவப்பு, முழுக்க லேஸ், முன்னால் ஒரு குஞ்சம். கல்யாணப் பெண்ணுக்கான செட், தனியாகத் தரமாட்டார்களாம். "இத்த போட்டுக்கினு நான் அட்டப்பெட்டி தூக்கணுமா?" என்று தனம் கேட்டாள். அவ்வளவு வலியிலும் இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று சிரித்தோம். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்ட இடத்திலெல்லாம், கேட்கக் கூடாததைக் கேட்டமாதிரிப் பார்த்தார்கள். செருப்பு வாங்கினால் நாலு அடி நடந்து பார்க்கச் சொல்கிற ஊர் இது.

வண்ணாரப்பேட்டையில், ஓர் ஆள் நுழைகிற சந்தில், ஒரு பெண் நடத்துகிற சின்னக் கடை. கேட்டதும் அவள் ஏணி போட்டு ஏறி, பரணிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினாள். தோல் நிறத்தில் இரண்டே இரண்டு. அகலமான பட்டை. "ரெண்டு வருஷமா கெடக்குது, கேக்க ஆளில்ல" என்றாள். பின்னால் திரை கட்டிய இடத்தையும் காட்டினாள்.

தனம் திரைக்குப் பின்னால் போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. "இன்னாம்மா?" என்றேன்.

"அக்கா, தோள் மேல ஒண்ணுமே இல்லாத மாரி கீது" என்றாள். எட்டிப் பார்த்தால், வலது கையைக் காது வரை தூக்கிக்கொண்டு நின்றாள். அதற்கு மேல் வரவில்லை. காது வரை வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டையும் மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டாள். புண் ஆறியது. மரத்துப்போவது குறைந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியம் கடைக்கு வந்து, என் தலைக்கு மேலிருந்த துண்டு மூட்டையை எடுத்துக் காட்டினாள். கம்பெனி டாக்டர் வந்த அன்று பெட்டியைத் தூக்கி ரேக்கில் வைத்துவிட்டாள். நாலு பேரில் ஒருத்தியாக எடுத்துக்கொண்டார்கள்.

அதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். டாக்டர் அவளிடம், போன தடவை கை தூக்கவே வரவில்லையே, என்ன வைத்தியம் பார்த்தாய் என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் சூப்பர்வைசர்கள், ஆண்கள். அவள் என்ன சொல்வாள்? எண்ணெய்க் கட்டு என்றாள். டாக்டர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அதே லைனில் தோள்வலி என்று சொன்ன மற்றப் பெண்களையும் அந்த வைத்தியரிடமே போகச் சொன்னார். மாமியார் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய் அபிஷேகம் செய்துவிட்டு வந்தாள். வைத்தியர் வீட்டு வாசலில் நீலக் கோட்டுகள் வரிசை நின்றன. ரெஜினா என்ற பெயர் மட்டும் எங்குமே வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மறைப்பானேன், பொறாமையும் வந்தது. தனம் பிறகு கடைப்பக்கமே வரவில்லை. சொல்லக் கூச்சம், சொல்லாமல் விட்ட குற்றம். பாயைத் தொந்தரவு செய்து செய்து, கடைசியில் அவர் போனால் போகட்டும் என்று ஒரு டஜன் டி வாங்கிப் போட்டிருந்தார். நான் காதோடு காதாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு எப்பவும் கவரப்பேட்டைதான்" என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். டஜனும் மாடியில் தூசி குடித்தது. தயாளன் அண்ணன் தினமும் ஒருமுறை, "இன்னா ரெஜினா, உன் டி-க்கு ஆளு வந்துச்சா?" என்பார்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு. கடையில் கால் வைக்க இடமில்லை. வேட்டி வாங்குகிறவர்கள், புடவைக்குக் காத்திருக்கிறவர்கள், குழந்தைகள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தனம் வந்தாள். கூட ஒரு பெண், பெயர் கனகா என்று பிறகு தெரிந்தது. அவளுக்கு வலது தோளில் எண்ணெய்க் கட்டு. தயாளன் அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியை நோக்கிக் கத்தினார். "எளாவூர் ரெண்டு!"

"இல்லண்ணே" என்றாள் தனம். கடை முழுக்கக் கேட்டது. "எளாவூர் இல்ல. எனக்கு முப்பத்தாறு டி. பாடி. ரெண்டு குடுங்க."

யாரோ சிரித்தார்கள். பாய் ஃபேனைப் பார்த்தார்.

"சிரிக்கறதுக்கு இன்னா கீது?" தனத்தின் முகம் சிவந்துவிட்டது, ஆனால் நிறுத்தவில்லை. "என் கைய சரி பண்ணது எண்ண இல்ல. இந்த அக்காதான், டேப்பு வெச்சு அளந்து சொன்னாங்க. நான் வெக்கப்பட்டுக்கினு டாக்டராண்ட பொய் சொல்லிட்டேன். நான் சொன்ன பொய்ய நம்பி இவ மூணு மாசமா கட்டு போட்டுக்கினு கெடக்குறா. நேத்து இவள லைன்லருந்து எடுத்துட்டாங்க. அக்கா, இவளுக்கு அளந்து சொல்லு."

வேட்டிக்காரர்கள் வேட்டியைப் பார்த்தார்கள். தயாளன் அண்ணன் பில் புத்தகத்தில் எதையோ தேடினார். அப்போது புடவைப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு நரைத்த தலை அம்மா, "எனக்கும் அளப்பியாம்மா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்து நின்றாள்.

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெஜினாம்மா, மாடியில ஒரு பொடவைய கட்டி மறைச்சுக்க. தயாளா, மேல இருக்கற ஆள கீழ கூப்டுக்க, நீயும் கீழயே இரு, மேல யாரும் போவக் கூடாது" என்றார்.

சாயந்திரத்துக்குள் பதினேழு பேரை அளந்தேன். கனகா முப்பத்து நாலு டி, போட்டிருந்தது முப்பத்தெட்டு. பதினேழில் இரண்டு பேர் மட்டும் தங்களுக்கு ஏற்றதைப் போட்டிருந்தார்கள், அதுவும் தற்செயலாக. டஜன் தீர்ந்து, மீதிப் பேருக்குப் பேரும் அளவும் எழுதி வைத்தேன். கனகாவை லைனில் திரும்ப எடுத்தார்களா என்று கேட்பீர்கள். எடுத்தார்கள், ஆனால் அதற்கு நாலு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் தன் சம்பளத்தில் அவள் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது தனம்.

கூட்டம் கலைந்த பிறகு நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் முன்னால் நின்றார்.

"ரெஜினாம்மா, எங்க ஊட்லயும் ரொம்ப நாளா தோள் வலின்னு சொல்லிக்கினு கீறாங்க. ராத்திரில தைலம் தேய்ச்சி வுட சொல்லுவாங்க. வயசாவுதுல்ல, அதான்னு நெனச்சேன்."

"அவங்களுக்கு பாடி யாரு பாய் எடுத்துக்கினு போறது?"

"நான்தான். கடையே நம்மளுது, அவங்க எதுக்கு வரணும்?"

"என்ன சைஸு?"

தரையைப் பார்த்தார். "நிக்காவுக்கு அவங்க ஊட்ல சொல்லி வுட்ட சைஸுதான். முப்பத்தி ரெண்டு." பிறகு அவராகவே, "இருவத்தாறு வருஷம் ஆவுது. நாலு புள்ளைங்க" என்றார்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். பர்தாவை மடித்துப் பாவாடைப் பெட்டி மேல் வைத்தார். ஜாக்கெட்டைக் கழற்றியதும் நான் டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். இரண்டு தோளிலும் விரல் வைத்தால் உள்ளே போகிற பள்ளம். தனத்துக்கு இருந்தது புண். இது புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, தோல் கறுத்துத் தடித்து, எலும்போடு ஒட்டிப்போன தடம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருடத்துக்கு மேலாக அந்தக் கவுண்டரில் நின்றவள் நானும்தானே. இந்த மாடியிலிருந்துதானே அந்தப் பெட்டி ஒவ்வொரு பண்டிகைக்கும் அவர் வீட்டுக்குப் போனது.

அந்த அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்தார். "ஐயோ, இதுக்காம்மா அழுவுறே? பொம்பளையா பொறந்தா எல்லாருக்கும் இப்டித்தான் இருக்கும்னு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.